நகல் வண்டியும் அதன் சக்கரமும்

உருவத்தில் ஒன்றையொன்று ஒத்த இரண்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் அருகருகே நிற்கின்றன. இரண்டும் ஒரே அச்சில் வார்த்தெடுத்த கண்ணாடியிழை உடல் கொண்டவை. ஒரே நீல நிறம் பூசப்பெற்றவை. இரண்டினது வயதும் பத்து ஆண்டுக்கு மேற்படாது. ஆயினும், பார்ப்பவர் ஒருவர் முதலாவது வண்டியைக் கண்டதும் 1965 ஆம் ஆண்டே எதிரில் வந்து நிற்பதாகக் கருதி நின்று நோக்குகின்றார். மற்றையதைக் கண்டதும் யாதோ பிழை இருக்கின்றது என்று எண்ணியவாறு அப்பாற் செல்கின்றார். அப்பிழை யாதென வினவினால் அவராற் சொல்ல இயலாது. பெரும்பாலும் அது சக்கரத்திலேயே இருக்கும்.

பழம்பெருமை வாய்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களுள் மிகுதியாக நகல் செய்யப்பட்டது ஏ. ஸி. கொப்ரா எனலாம். 1960 களிற் செய்யப்பட்ட மூல வண்டிகளின் தொகை ஏறத்தாழ ஆயிரம் மாத்திரமே. அவற்றின் விலை இன்று செல்வர்க்கும் எளிதில் எட்டாத உயரத்தில் நிற்கின்றது. ஆதலின், அவ்வுருவத்தில் ஆசை வைத்தோர் பிற்காலத்து நகல்களை நாடுகின்றனர். அமெரிக்காவின் மாசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1995 இல் தொடங்கிய பாக்டரி பைவ் நிறுவனம், இரும்புச் சட்டத்தையும் கண்ணாடியிழை உடலையும் பகுதி பகுதியாகப் பெட்டிகளில் அடைத்து விற்று வந்துள்ளது. வாங்கியவர், போர்ட் மஸ்ராங் வண்டி ஒன்றின் எஞ்சினையும் பிற உறுப்புக்களையும் கொண்டு, தம் வீட்டுக் கொட்டகையிலேயே வண்டியை உருவாக்கிக்கொள்ளலாம். யூற்றா மாநிலத்துக் கேர்க்கம் நிறுவனமோ, முன்னர் மிக் போர்விமானம் செய்த போலந்துத் தொழிற்சாலையில் அலுமினியத் தகட்டால் உடல் அடிப்பித்தமையாற் பெயர் பெற்றது. விலையில் இவ்விரு வகைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எனினும், வண்டியை முடிக்கும் தறுவாயில் இருவகையார் முன்னும் வந்து நிற்கும் வினா ஒன்றே. எந்தச் சக்கரம் பூட்டுவது? எந்த அலங்காரம் வைப்பது?

அலங்காரம் என்னும் சொல்லே ஈண்டுச் சற்று வழிதவறச் செய்வதாகும். கொப்ராவின் உடலிற் காணப்படும் துளை, குழாய், வளைவு, வீக்கம் ஆகியவற்றுள் அழகுக்கென வைக்கப்பட்டவை மிகச் சில. ஏனையவை யாவும் ஏதோ ஒரு தொல்லையைத் தீர்ப்பதற்காகப் பிறந்தவை. எந்தத் தொல்லை எப்போது வந்தது என்பதை அறிந்தாலன்றி, எந்த விவரம் எதனோடு சேரும் என்பது விளங்காது.

1953 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தேம்ஸ் டிற்றன் என்னும் ஊரிலிருந்த ஏ. ஸி. நிறுவனம் ‘ஏஸ்’ என்ற சிறிய திறந்த வண்டியை வெளியிட்டது. நீளவாக்கில் இரண்டு உருக்குக் குழாய்கள். அவற்றின்மேல் மெல்லிய அலுமினிய உடல். முன்னே இரண்டு லீற்றர் அளவான ஓர் எஞ்சின். சாதுவான வண்டி அது. 1959 இல் பிரான்சின் லெ மான்ஸ் நகரத்து 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற கரோல் ஷெல்பி என்னும் அமெரிக்கர், இதய நோயாற் பந்தயத்தைக் கைவிட்டபின், அச்சாதுவான வண்டியினுள் அமெரிக்காவின் எட்டு உருளை எஞ்சின் ஒன்றைப் பொருத்தலாமா என்று 1961 இல் ஏ. ஸி. நிறுவனத்துக்கு எழுதினார். போர்ட் நிறுவனம் அப்போதுதான் பாரங்குறைந்த புதிய எட்டு உருளை எஞ்சின் ஒன்றை வார்க்கத் தொடங்கியிருந்தது. 1962 இல் எஞ்சின் இல்லாத வண்டி ஒன்று கலிபோர்னியா சென்றது. அங்கே எஞ்சினைப் பெற்றது. கொப்ரா பிறந்த கதை இதுவே. முதல் வண்டிகளின் எஞ்சின் 260 கன அங்குலம்; விரைவில் அது 289 ஆயிற்று, அஃதாவது 4.7 லீற்றர்.

இவ்வண்டிகளின் சக்கரம் கம்பிச் சக்கரம். சக்கரம் ஒன்றுக்கு 72 கம்பிகள். மாட்டுவண்டியின் மர ஆரக்கால் பாரத்தைக் கீழிருந்து தாங்கும் தூணை ஒத்தது. கம்பி ஆரக்காலோ வீணையின் நரம்பை ஒத்தது, இறுக்கிக் கட்டிய இழுவிசையினாலேயே தொழில் செய்வது. இரண்டு லீற்றர் எஞ்சினுக்கு அக்கம்பிகள் போதும். எட்டு உருளை எஞ்சினின் முறுக்குவிசையும், பந்தயத்திடலின் வளைவுகளிற் பக்கவாட்டில் வந்து தாக்கும் விசையும் சேர்ந்தபோது கம்பிகள் தளர்ந்தன, முறிந்தன. ஆதலின் பந்தய வண்டிகளுக்குக் கலிபோர்னியாவின் ரெட் ஹலிபிராண்ட் செய்த வார்ப்புச் சக்கரங்கள் வந்தன. இந்தியனாபொலிஸ் பந்தய வண்டிகளிற் பேர்பெற்ற அச்சக்கரங்கள் மக்னீசியத்தால் ஆனவை. ஒரே கன அளவில் மக்னீசியத்தின் நிறை அலுமினிய நிறையில் மூன்றில் இரண்டு பங்களவே. சக்கரத்தின் நிறை விற்களுக்குக் கீழே கிடக்கும் நிறை. அது குறையக் குறைய, மேடுபள்ளத்திற் சக்கரம் நிலத்தை விடாது பற்றி ஓடும். அகன்ற ஆறு கால்களும் அவற்றிடையே பெருந்துளைகளும் கொண்ட ஹலிபிராண்ட் உருவத்தை இன்று அழகு என்று போற்றுகின்றோர் பலர். அத்துளைகள் பிரேக்கின் வெப்பம் வெளியேறுவதற்கும் வழியாயின.

அகன்ற சக்கரம் வந்ததும் மட்காட் போதாமற் போயிற்று. சக்கரத்தை மூடுமாறு அதனைப் புடைக்கச் செய்தனர். பின் மட்காட் புடைத்து முன்னோக்கி வளர்ந்தபோது கதவின் பின்விளிம்பை வெட்டிச் சிறிதாக்க நேர்ந்தது. 1964 ஆம் ஆண்டு ஐரோப்பியப் பந்தயங்களுக்கென அமைந்த கொப்ராக்களில் இதனைக் காணலாம். அவ்வண்டிகளின் பின்பெட்டி மூடியில் மேல்நோக்கிய இரண்டு சிறு புடைப்புக்களும் உண்டு. அறியாதார் அவற்றைச் சிற்பியின் கைவண்ணம் என்பர். சர்வதேச விதியின்படி வண்டியினுட் குறித்த அளவுள்ள பயணப்பெட்டி ஒன்று அடங்கவேண்டியிருந்தது. மூடி அதன்மேல் முட்டியது. முட்டிய இடத்தில் தகட்டை உயர்த்தி அடித்துவிட்டனர். அவ்வளவுதான்.

1965 இல் ஏழு லீற்றர், அஃதாவது 427 கன அங்குல எஞ்சின் வந்தது. சட்டத்தின் குழாய்கள் மூன்று அங்குலத்திலிருந்து நான்கு அங்குலமாகப் பருத்தன. தட்டைவில் போய்ச் சுருள்வில் வந்தது. உடல் இருபுறமும் வீங்கியது. பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற நூறு வண்டிகள் வேண்டியிருந்தன. பரிசோதகர் வந்த நாளில் ஏறத்தாழ அரைப்பங்கே ஆயத்தமாயிருந்தது. அங்கீகாரம் மறுக்கப்பட்டது; பந்தயத்துக்கெனச் செய்த வண்டிகள் விலைப்படாது தேங்கின. அவற்றுள் 31 வண்டிகளை, பக்கப் புகைக்குழாய், பாதுகாப்பு வளைவு, பொனற்றின் மேலுள்ள காற்றுவாய் ஆகியவற்றோடு அப்படியே வீதிக்கு விற்றுத் தீர்த்தனர். விற்பனைக்கு அவற்றுக்கு இட்ட பெயர் ‘எஸ். ஸி.’, அஃதாவது அரைப் பந்தய வண்டி. இன்று உலகெங்கும் ஓடும் நகல்களிற் பெரும்பாலானவை, தேங்கிக் கிடந்த அந்த முப்பத்தொரு வண்டிகளின் முகத்தையே அணிந்துள்ளன.

ஆகவே, சக்கரத்தைத் தெரிவு செய்பவர் மூன்று குடும்பங்களுள் ஒன்றையே தெரிவு செய்கின்றார். ஒடுங்கிய உடலும் கம்பிச் சக்கரமும் பளபளக்கும் பம்பரும் கொண்ட 1962, 1963 வண்டி ஒன்று. புடைத்த மட்காட்டும் ஹலிபிராண்ட் சக்கரமும் கொண்ட 1964 ஆம் ஆண்டுப் பந்தய வண்டி மற்றொன்று. பருத்த 427 மூன்றாவது. பருத்த உடலுக்குக் கம்பிச் சக்கரம் பூட்டினால், மல்லன் ஒருவன் சிறுவனின் செருப்பை அணிந்தது போலாகும். ஒடுங்கிய உடலுக்கு அகன்ற சக்கரம் பூட்டினால் ரயர் மட்காட்டை உரசும். மூன்றாவது குடும்பத்துக்கே கூட்டம் அதிகம் எனினும், முதலாவதே மூவருள் அழகி என்பதிற் கண்ணுள்ளார்க்கு ஐயம் எழாது. அதனை நகல் செய்வோர் தொகை குறைவாக இருப்பது இரங்கத்தக்கது.

மூல வண்டிகளின் சக்கரம் 15 அங்குல விட்டமுடையது. இன்று 15 அங்குலத்தில் அகன்ற நல்ல ரயர்கள் அருகிவிட்டன. பெரிய பிரேக் வட்டுக்களும் அச்சக்கரத்தினுள் அடங்குவதில்லை. ஆதலின் ஹலிபிராண்ட் உருவத்திலேயே 17, 18 அங்குலச் சக்கரங்களை வார்த்து விற்கின்றனர். இங்கே சிறிது கணக்குப் பார்த்தல் நன்று. 255/60 என்று குறித்த 15 அங்குல ரயரின் பக்கச்சுவர் 153 மில்லிமீற்றர் உயரம். மேலும் கீழுமாக 306. சக்கரத்தின் 381 ஐக் கூட்ட மொத்த விட்டம் 687 மில்லிமீற்றர். 17 அங்குலச் சக்கரத்துக்கு 275/40 ரயர் பூட்டினால் மொத்தம் 652 தான் வரும். வண்டி 17 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையே இடைவெளி அகலும். முன்னைய ரயருக்குச் சரிசெய்த வேகமானி நூறு என்று காட்டும்போது வண்டி 95 ஐ ஒட்டியே ஓடும். அதே 17 அங்குலச் சக்கரத்துக்கு 255/50 ரயர் பூட்டினாலோ விட்டம் மீண்டும் 687 ஆகும். வண்டியின் நிலையும் குலையாது. 1960 களின் வண்டிக்கு அதன் தோற்றத்தைத் தருவதில் உயர்ந்த கரிய பக்கச்சுவருக்குப் பெரும்பங்கு உண்டு. அதனை ஒரு நாடாவளவாக ஒடுக்கிவிட்டு, எத்துணைச் செம்மையான ஹலிபிராண்ட் நகலைப் பூட்டினாலும் பயனில்லை.

தொடக்கத்திற் கூறிய இரண்டாவது வண்டியின் பிழை இதனினும் நுண்ணியது. சக்கரம் குடத்தோடு பொருந்தும் முகம், சக்கர அகலத்தின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றது என்பது ஓர் அளவு. இக்காலத்து வண்டிகளில் அம்முகம் வெளிப்புறமாகத் தள்ளி நிற்கும். எனவே சக்கரம் வெளியிலிருந்து தட்டம் போலத் தட்டையாகத் தோன்றும். பழைய ஹலிபிராண்ட் சக்கரத்தில், பின்சக்கரத்திற் சிறப்பாக, முகம் உள்ளே ஆழ்ந்து நிற்கும். அதனைச் சூழ்ந்த விளிம்பு கிண்ணம் போலக் குழிந்திருக்கும். நிழல் விழும் அந்தக் குழிவையே கண் தேடுகின்றது. காணாதபோது காரணம் தெரியாமலே மனம் ஒவ்வாது விலகுகின்றது. ஆயினும் குழிவை விரும்பி, முன்சக்கரத்தை அளவு மீறி வெளியே தள்ளுதலும் தவறு. ஸ்டியரிங் ஒவ்வொரு மேடுபள்ளத்திலும் கையை இழுக்கும். தாங்குருளைகள் விரைவிற் தேயும். வண்டியை அதன் முழு நிறையோடும் நிலத்தில் நிறுத்தி, சக்கரத்தை இரு புறமும் கடைசிவரை திருப்பி அளந்த பின்னரே சக்கரத்துக்குப் பணம் கொடுத்தல் வேண்டும்.

போல்ட் துளைகள் அமைந்த வட்டமும் கவனத்துக்குரியது. மஸ்ராங் வண்டியின் ஐந்து துளைகள் 4½ அங்குல வட்டத்தில் அமைந்தவை. 1993 வரையிருந்த ஒரு தலைமுறை மஸ்ராங்கிற் பெரும்பாலும் நான்கு துளைகளே. இங்கிலாந்தின் நகல்கள் பலவற்றுக்குப் பின்னச்சுத் தந்த ஜாகுவார் வண்டியிலோ வட்டம் 4¾ அங்குலம். ஐந்தும் ஐந்தும் பொருந்தும் என்று எண்ணி, கால் அங்குல வேறுபாட்டைக் கண்ணளவில் விட்டுவிடுதல் உயிருக்கு உலை வைப்பதாகும். நட் இரண்டொரு புரி பிடிக்கும். சக்கரம் பொருந்திவிட்டது போலத் தோன்றும். போல்ட்டுகள் ஒவ்வொன்றும் வளைந்து நிற்கும்.

மூல வண்டியின் சக்கரத்தில் ஐந்து நட்டுகள் இல்லை. நடுவே செவி முளைத்த ஒரே பெரிய நட். செப்புச் சுத்தியலால் அடித்துப் பூட்டுவது. மாட்டுவண்டிக்குக் கடையாணி எதுவோ அதுவே இதற்கு அந்த நட். கம்பிச் சக்கரத்தில் இடப்புற நட் வழக்கமான வலஞ்சுழிப் புரியும், வலப்புற நட் இடஞ்சுழிப் புரியும் கொண்டவை. இரு புறத்திலும், சக்கரம் முன்னோக்கி உருளும் திசையிலே அடித்தால் நட் கழலும். எதிர்த்திசையில் அடித்தால் இறுகும். முதற்பார்வைக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் ஓட்டத்தில், பாரத்தால் நேரும் மிக நுண்ணிய அசைவு நட்டைச் சக்கரத்துக்கு எதிர்த்திசையில் நகர்த்துகின்றது. ஆதலின் அது தானே இறுகிக் கொள்கின்றது. வீட்டுக் கொட்டகையில் வண்டி கோப்பவர் இடவலக் குடங்களை மாற்றிப் பொருத்திவிட்டால், அதே அசைவு நட்டைக் கழற்றி வீசிவிடும். நட்டின் முகத்திற் கழற்றும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பொறிக்கும் வழக்கம் ஒரு சம்பிரதாயம் அன்று.

பெரும்பாலான நகல்களில் உண்மையான நடுநட் கிடையாது. ஐந்து போல்ட்டினாற் சக்கரம் பூட்டப்பட்டு, மேலே செவியுள்ள போலி மூடி ஒன்று வைக்கப்பட்டிருக்கும். இதனைச் சிலர் இகழ்வர். இகழ்ச்சிக்குக் காரணம் இல்லை. சிறு வண்டிக் கொட்டகை ஒன்றில் ஐந்து போல்ட்டே பத்திரமான முறை. ஆனால் அம்மூடி சிறு திருகாணிகளின் பிடியில் மாத்திரம் நிற்குமாயின், விரைவில் அது கழன்று பறக்கும் உலோகத்துண்டாகும். நீண்டு நிற்கும் செவி நடந்து செல்வோரின் காலைத் தாக்கும் என்பதனாலேயே அமெரிக்கப் பாதுகாப்பு விதி 1968 முதல் புதிய வண்டிகளில் அதனைத் தடுத்தது. செவியற்ற எண்கோண நட் அக்காலத்து ஏற்றுமதி வண்டிகளில் தோன்றியது. பழைய மக்னீசியச் சக்கரங்களையே தேடி வாங்கி ஓட்ட விரும்புவோரும் உளர். மக்னீசியம் ஈரத்தால் அரிக்கப்படும், அறுபது ஆண்டிற் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புக் கொள்ளும். அவற்றைச் சுவரில் மாட்டி வைத்து, வண்டிக்கு அலுமினியச் சக்கரம் பூட்டுதலே அறிவுடைமை.

சக்கரம் முடிவாகிவிட்டால் ஏனைய விவரங்களிற் பாதி தாமே முடிவாகிவிடும். கம்பிச் சக்கரத்துக்குப் பக்கப் புகைக்குழாய் பொருந்தாது. பருத்த 427 வகைக்கு அது பொருந்தும். எனினும் கதவுக்குக் கீழே கொதித்து நிற்கும் அக்குழாய், இறங்குபவரின் கெண்டைக்காலைச் சுடும். வண்டியின் பெயர் நாகம் ஆதலின், இத்தழும்பை உரிமையாளர் நாகத்தின் கடி என்று பெருமையோடு காட்டுவர். உடன் வந்த விருந்தினர் அப்பெருமையில் அவ்வளவு பங்கு கொள்வதில்லை. பம்பருக்குப் பதிலாக நிற்கும் குட்டைக் குழாய்கள் பந்தயத்தின்போது வண்டியை விரைவாகத் தூக்குவதற்கானவை. தெருவில் நெருக்கி நிறுத்தும் வண்டிக்கு அவை காவல் ஆகா. பொனற்றின் காற்றுவாய் கீழே காற்றை வேண்டி நிற்கும் காபுரேற்றர் இருந்தாற் பொருளுடையது. இருக்கைக்குப் பின்னுள்ள வளைவைக் குறித்து மாத்திரம் கண்டிப்பாகக் கூறுதல் தகும். அது சட்டத்தின் உருக்குக் குழாயோடு பற்றவைக்கப்பட்டோ தடித்த போல்ட்டினால் இறுக்கப்பட்டோ நிற்கவேண்டும். கண்ணாடியிழை உடலில் மாத்திரம் திருகி வைத்த பளபளப்பான வளைவு, வண்டி கவிழும் நாளில் ஓட்டுபவரைக் காக்காது. ஏனைய போலிகள் கண்ணை ஏமாற்றுவன. இது உயிரை ஏமாற்றுவது.

வெள்ளைக் கோடுகள் இரண்டு இல்லாத கொப்ரா கொப்ராவே அன்று எனப் பலர் எண்ணுகின்றனர். அமெரிக்கப் பந்தய அணிகளின் நீலமும் வெள்ளையுமே அக்கோட்டின் மூலம். வீதிக்கென விற்கப்பட்ட வண்டிகளிற் கோடு வழக்கமன்று. ஒரே நிறம் பூசி விட்ட 289 நகல், கோடிட்ட பத்து நகல்களினும் மூலத்துக்கு அணித்தாக இருக்கும். 427 வகையின் பலகையிலே வேகமானியின் முள் வழக்கத்துக்கு மாறாக இடஞ்சுழியாக நகர்ந்தது. அவ்வகை வேகமானியையும் இன்று நகலாகச் செய்து விற்கின்றனர். மட்காட்டின் பக்கத்தில் ‘427’ என்னும் முத்திரையை ஒட்டுவதா என்ற வினாவில், உண்மையை மிக விரும்புவோர் சற்றுத் தயங்குவர். எஞ்சின் 302 கன அங்குலமாயிருக்க முத்திரை 427 என்பது பொய்தானே! ஆனால் மூல வண்டிகள் பலவற்றிலேயே 427 க்குப் பதிலாக, விலை மலிந்த 428 எஞ்சின் பூட்டப்பட்டிருந்தது. முத்திரையின் பொய் மூலத்திலேயே தொடங்கிவிட்டது.

முத்திரையிற் பொய் பொறுக்கத்தக்கது; சட்டத்திற் பொறித்த எண்ணிற் பொய் அவ்வாறன்று. ஷெல்பியின் வண்டிகளுக்குச் ‘சி. எஸ். எக்ஸ்.’ என்ற எழுத்துக்களோடு தொடங்கும் எண் இடப்பட்டது. தட்டைவில் வண்டிகளின் எண் இரண்டாயிரத்திலும், சுருள்வில் வண்டிகளின் எண் மூவாயிரத்திலும் தொடங்கும். ஒவ்வோர் எண்ணின் வரலாற்றையும் ஆராய்ந்து பதிவேடு எழுதி வைத்துள்ளனர். நகலுக்கு அதைச் செய்தவரின் பெயரும் எண்ணும் தெளிவாகப் பொறித்த தகடு இருத்தல் வேண்டும். விற்கும்போது பத்திரத்திலும் அதுவே எழுதப்படல் வேண்டும். சக்கரமும் குழாயும் முள்ளும் எவ்வளவு மூலத்தை ஒத்திருக்கின்றனவோ அவ்வளவுக்கு இத்தகட்டின் தேவை மிகும். மூன்றாவது கைக்கு வண்டி மாறும்போது, செய்தவரின் நாணயத்துக்குச் சாட்சி சொல்ல வேறொன்றும் வண்டியில் இராது.

‘சி. எஸ். எக்ஸ். 2000’ என்னும் முதல் கொப்ராவை, பத்திரிகையாளர் ஒவ்வொருவருக்கும் ஓட்டிப்பார்க்கக் கொடுக்குமுன் ஷெல்பி வேறு வேறு நிறம் பூசுவித்தார். பல வண்டிகள் ஆயத்தமாகிவிட்டன என்று உலகம் நம்பவேண்டும் என்பது அவர் எண்ணம். அவ்வொரே வண்டி இறுதிவரை அவரிடமே இருந்தது. 2012 இல் அவர் இறந்தபின், 2016 இல் கலிபோர்னியாவில் நடந்த ஏலத்தில் அது 13.75 மில்லியன் டொலருக்கு விலைப்பட்டது. புதுப்பிக்கப்படாத நிலையில், மங்கிய நீல நிறத்தோடு, கம்பிச் சக்கரங்களின்மேல் அது நின்றது.